சுற்றுலா வேனில் மின்சாரம்: டயரில் நிற்கும் வீட்டுக்கு எர்த் எங்கே?

தீ விபத்துச் செய்திகளை இந்த நாட்டில் கடைசி வரி வரை வாசிக்கத் தேவையில்லை. பெரும்பாலும் "மின் ஒழுக்கே காரணம்" என்றுதான் முடியும். எரிந்தது கடையோ, வீடோ, வாகனமோ, அந்தச் சொற்களோடு நமது அக்கறையும் முடிந்துவிடுகிறது. மின்சாரம் எங்கே ஒழுகியது, அதைத் தடுத்திருக்க வேண்டிய சாதனம் ஏன் தடுக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. உயிர் போயிருந்தால் "கத்ர்" என்று சொல்லிவிட்டுக் கலைந்து போகிறோம். கத்ரை ஈமான் கொள்வது நமது கடமை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுவதற்கு அதை ஒரு சாட்டாகப் பாவிப்பது வேறு விடயம்.

பாடசாலை விடுமுறையும் பெருநாள் விடுமுறையும் வந்தால் நமது ஊர்களில் பாதிக் குடும்பங்கள் வேனில் ஏறிவிடுகின்றன. நுவரெலியா, எல்ல, அறுகம்பை, திருகோணமலை என்று போகும் பயணங்களில் அறை வாடகை பட்ஜெட்டை விழுங்கிவிடுவதால், வாகனத்தையே வீடாக்கிக்கொள்ளும் பழக்கம் அண்மைக் காலமாகக் கூடியிருக்கிறது. வேனின் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை போடுகிறார்கள். சிறிய ஃப்ரிட்ஜ், ஃபேன், ரைஸ் குக்கர், போன் சார்ஜ் பண்ண நாலைந்து ப்ளக் பொயின்ட், சீட்டுக்கடியில் ஒரு பெட்டரி, அதற்கொரு இன்வேர்ட்டர், பின்னால் ஒரு சிறிய ஜெனரேட்டர். இரவில் தெரிந்தவர் வீட்டு வளவிலோ பள்ளிவாசல் வளவிலோ நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒரு வயரை இழுத்துக்கொள்கிறார்கள். இப்படி மாற்றிய வாகனங்களை வாடகைக்கு விடுவதும் இப்போது ஒரு தொழில்.

வயரிங் தொழிலில் இருப்பதால் இத்தகைய வாகனங்கள் என்னிடமும் வருகின்றன. அவற்றில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒரே தவறைத்தான். வீட்டுக்கு வயரிங் செய்வது போலவே வாகனத்துக்கும் செய்திருப்பார்கள். ஆனால் வீடு மண்ணில் நிற்கிறது, வாகனம் ரப்பர் டயரில் நிற்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொண்டால் மற்றைய அறிவுரைகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

ஒரே வாகனத்தில் இரண்டு மின்சாரங்கள்

வசதிகள் செய்த ஒரு வேனில் இரண்டு விதமான மின்சாரம் ஓடுகிறது. ஒன்று பெட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட். லைட், ஃபேன், தண்ணீர் பம்ப் போன்றவை இதில் வேலை செய்யும். மற்றையது வீட்டில் நாம் பாவிக்கும் அதே 230 வோல்ட். இது மூன்று வழிகளில் வரலாம்: வெளியிலிருந்து இழுக்கும் வயர், ஜெனரேட்டர், அல்லது பெட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக மாற்றித் தரும் இன்வேர்ட்டர்.

இந்த இரண்டினதும் ஆபத்து வேறு வேறானது. 230 வோல்ட் ஆளைக் கொல்லும். 12 வோல்ட் ஆளுக்கு அடிக்காது, ஆனால் வாகனத்தை எரிக்கும். "பெட்டரி கரண்ட் தானே" என்று ஒன்றை அலட்சியம் செய்வதும், "ட்ரிப் சுவிச் இருக்கிறது தானே" என்று மற்றதை நம்பிவிடுவதும்தான் பெரும்பாலான விபத்துகளுக்கு வாசல்.

வுழூ செய்துவிட்டு ஏறுபவருக்கு என்ன நடக்கிறது?

வீட்டில் வொஷிங் மெஷினுக்குள் ஒரு லைவ் வயர் தேய்ந்து அதன் இரும்பு உடம்பில் முட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வயரான எர்த், அந்த மின்சாரத்தை வீட்டின் பக்கத்தில் நிலத்தில் அறைந்திருக்கும் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குக் கொண்டுபோகும். போன மின்சாரம் திரும்பி வரவில்லை என்பதை உணர்ந்த ட்ரிப் சுவிச் உடனே விழும். மெஷினை யாரும் தொடுவதற்கு முன்பே மின்சாரம் நின்றுவிடும்.

இதே தவறு வேனில் நடந்தால் என்னவாகும்? வயர் போகும் வழியில் பாதையின் குலுக்கலில் ஏதோ ஓர் இடத்தில் அதன் தோல் உரிந்து, வேனின் இரும்பு உடம்பில் முட்டுகிறது. இழுத்து வந்த வயரில் எர்த் இல்லையென்றால் முழு வேனும் 230 வோல்ட்டில் நிற்கும். ரப்பர் டயர் அதை மண்ணிலிருந்து பிரித்து வைத்திருப்பதால் மின்சாரம் எங்கும் ஓடாது. ட்ரிப் சுவிச் விழாது, லைட் மங்காது, ஃபேன் வழமை போல் சுற்றும். உள்ளே இருப்பவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. அவர்களைச் சுற்றியுள்ள அனைத்தும் ஒரே வோல்ட்டில் இருப்பதால், மின்கம்பியில் அமர்ந்திருக்கும் காகத்தைப் போல அவர்கள் சுகமாக இருப்பார்கள்.

ஆபத்து வெளியே நிற்பவருக்குத்தான். ஃபஜ்ருக்கு எழுந்து, வெளியே குழாயடியில் வுழூ செய்துவிட்டு, வெறுங்காலோடு பனி படிந்த புல்லில் நடந்து வந்து, ஈரக் கையால் வேனின் கதவைப் பிடிக்கிறார் ஒருவர். காலுக்குக் கீழே ஈர மண், கையில் உயிருள்ள இரும்பு. இவ்வளவு நேரமும் வழி கிடைக்காமல் காத்திருந்த மின்சாரத்துக்கு இப்போது வழி கிடைக்கிறது. அந்த வேனுக்கு இல்லாத எர்த் வயராக அவரது உடம்பு ஆகிவிடுகிறது. ஈரத் தோல் மின்சாரத்தை இலகுவாக உள்ளே விடும். சுமார் 10 மில்லிஅம்பியரைத் தாண்டினால் தசைகள் இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகும். அதற்கும் மேலே போனால் இதயத்தின் தாளம் குழம்பும்.

அடுத்ததாக அதே கதவைப் பிடிக்க ஓடி வருவது பெரும்பாலும் ஒரு குழந்தையாகத்தான் இருக்கும். குழந்தைகள் வெளியே விளையாடுவதும், வெறுங்காலோடு ஓடுவதும், கதவில் தொங்குவதும் நாம் அறிந்ததே.

ட்ரிப் சுவிச் என்ன செய்யும், என்ன செய்யாது?

பெட்டியில் இருக்கும் சுவிச்சுகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். ப்ளக்குக்குள் இருக்கும் 13 அம்பியர் பியூஸும், வரிசையாக இருக்கும் சிறிய பிரேக்கர்களும் வயரைக் காப்பாற்ற வந்தவை. வயர் சூடாகி எரியாமல் பார்ப்பதே அவற்றின் வேலை. மனிதனை ஆபத்தில் ஆழ்த்த 30 மில்லிஅம்பியரே போதும். 13 அம்பியர் என்பது அதைப் போல் 400 மடங்குக்கும் மேல். எனவே ஒருவர் கரண்ட் அடித்து விழுந்து கிடந்தாலும் அந்தப் பியூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு 40 வொட் பல்ப் எரிவதற்கு எடுக்கும் மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்குதான் இந்த 30 மில்லிஅம்பியர்.

மனிதனைக் காப்பாற்ற வந்தது நாம் ட்ரிப் சுவிச் என்று அழைக்கும் ஆர்.சி.சி.பி. லைவில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது ஒவ்வொரு கணமும் கணக்குப் பார்க்கிறது. 30 மில்லிஅம்பியர் குறைந்தால், அது யாரோ ஒருவரின் உடம்பு வழியாகப் போகிறது என்று கருதி ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும்.

அப்படியானால் ட்ரிப் சுவிச் மட்டும் போதாதா? எர்த் இல்லாத வேனில் அது விழ வேண்டுமென்றால், முதலில் ஒருவருக்குக் கரண்ட் அடித்தாக வேண்டும். எர்த் இருந்தால் பழுது ஏற்பட்ட அந்தக் கணமே விழும். எர்த்தும் ட்ரிப் சுவிச்சும் கணவன் மனைவி போல. ஒன்று இல்லாதபோது மற்றது தடுமாறும்.

இன்னும் இரண்டு விடயங்களைக் கவனத்திற் கொள்ள வேண்டும். லைவையும் நியூட்ரலையும் ஒருவர் இரண்டு கைகளால் ஒரே நேரத்தில் தொட்டால், போனது முழுவதும் திரும்பி வருவதால் ட்ரிப் சுவிச்சுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். அதன் மேலுள்ள 'டெஸ்ட்' பட்டனை அழுத்தினால் சுவிச் விழுகிறதா என்று மட்டுமே தெரியும், எர்த் இருக்கிறதா என்பதை அந்தப் பட்டன் சொல்லாது. பட்டனை அழுத்திக் காட்டிவிட்டு "எல்லாம் ஓகே" என்று வாகனத்தை ஒப்படைப்பவரிடம் எர்த்தைத் தனியாக அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஜன்னல் வழியாக வரும் வயர்

வெளியிலிருந்து வேனுக்குக் கொண்டுவரும் வயர் மூன்று கோர் உள்ளதாக இருக்க வேண்டும். ஹார்ட்வெயார் கடைகளில் இரண்டு கோர் எக்ஸ்டென்ஷன்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றின் சொக்கட்டில் மூன்று துவாரங்கள் இருந்தாலும் மூன்றாவது துவாரத்தின் பின்னால் வயரே இருக்காது. வேனுக்கு அது ஆகவே ஆகாது. 2.5 சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள, வெளியில் பாவிக்கக்கூடிய ரப்பர் உறையுடைய மூன்று கோர் வயர்தான் பொருத்தம். வாகனத்தின் பக்கவாட்டில் இதற்கென மூடியுள்ள நீல நிற 16 அம்பியர் இன்லெட் ஒன்றைப் பொருத்தினால், ஜன்னல் கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையில் வயர் நசியும் பிரச்சினையும் தீரும்.

நமது வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. இரண்டு முனை சார்ஜரை மூன்று துவார சொக்கட்டில் செருகுவதற்காக, மேல் துவாரத்தில் பேனா மூடியையோ ஈர்க்குச்சியையோ விட்டுத் திறப்போம். மேலே உள்ள எர்த் முனை நுழைந்தால்தான் கீழே உள்ள லைவ் துவாரத்தின் கதவு திறக்க வேண்டும் என்பதற்காக வடிவமைத்த பாதுகாப்பு அது. அதை நாமே உடைத்து, குழந்தைகளுக்கும் உடைக்கக் கற்றுக்கொடுக்கிறோம். நெரிசலான ஒரு வேனுக்குள், தரையோடு இருக்கும் சொக்கட்டில் இதைச் செய்யும்போது ஆபத்து இரட்டிப்பாகிறது.

அடுத்தது பாரம். பழைய விடுதிகளிலும் வீடுகளிலும் உருண்டை முனை 5 அம்பியர் சொக்கட்டுகள் இன்னும் இருக்கின்றன. 5 அம்பியர் என்றால் 1,150 வொட். ஒரு அடப்டரைப் போட்டு அதிலிருந்து வேனுக்கு இழுத்து, 2,000 வொட் கேத்தலைப் போட்டால் 9 அம்பியர் அளவில் ஓடும். 13 அம்பியர் சொக்கட் என்றாலும் கேத்தல் 2,000, அயன் 1,000, ரைஸ் குக்கர் 700 என்று மூன்றையும் ஒன்றாகப் போட்டால் 16 அம்பியர். மின்சாரம் இரண்டு மடங்காகும்போது வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகிறது. தளர்ந்த ஓர் இணைப்பில் அந்தச் சூடு ஒரே புள்ளியில் குவியும். ப்ளக்கைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், கழற்றிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

ரீலில் சுற்றிய எக்ஸ்டென்ஷனை முழுமையாக அவிழ்த்துவிட்டே பாவிக்க வேண்டும். சுற்றியபடியே பாவித்தால் சூடு வெளியேற வழியின்றி உள்ளுக்குள்ளேயே உருகும்.

இணைக்கும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வேனின் மெயின் சுவிச்சை ஓஃப் செய்யுங்கள். பிறகு வயரை வேனில் செருகுங்கள். கடைசியாக வீட்டு சொக்கட்டில் செருகி, சுவிச்சைப் போடுங்கள். கழற்றும்போது வேனின் மெயினை ஓஃப் செய்துவிட்டு வீட்டுப் பக்கத்தை முதலில் கழற்ற வேண்டும். இப்படிச் செய்தால் மின்சாரம் உள்ள முனை எந்த நேரத்திலும் கையில் இருக்காது. இணைத்த பிறகு, யாரும் ஏறுவதற்கு முன், வேனின் வர்ணம் பூசப்படாத இரும்புப் பகுதியில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். எரிந்தால் வீட்டுப் பக்கத்தில் துண்டித்துவிட்டு, பழுதைக் காணும்வரை அந்த வயரைப் பாவிக்காதீர்கள். எரியாவிட்டால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது, அது முதல் படி மட்டுமே.

பள்ளிவாசலிலிருந்தோ வேறொருவர் வளவிலிருந்தோ மின்சாரம் எடுப்பதாக இருந்தால் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, அதற்குரிய பணத்தையும் கொடுத்துவிடுங்கள். அனுமதி கேட்கும்போதே அந்த சொக்கட்டின் எர்த் சரியா, ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்றும் கேட்டுவிடலாம். நமது வேனின் எர்த், அந்த இடத்தின் எர்த்தை நம்பித்தான் இருக்கிறது.

12 வோல்ட்: அடிக்காது, எரிக்கும்

கார் பெட்டரியின் இரு முனைகளையும் இரு கைகளால் தொட்டாலும் ஒன்றும் உணரமாட்டோம். ஆனால் அந்த முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பெனர் விழுந்தால் பல நூறு அம்பியர் பாயும். ஸ்பெனர் சிவந்து உருகும். வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்க மெயின் சுவிச் இருக்கிறது. பெட்டரியோ தன்னிடம் உள்ளது தீரும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

வோல்ட் குறையும்போது அதே வேலைக்கு அம்பியர் கூடும். 700 வொட் ரைஸ் குக்கருக்கு வீட்டில் 3 அம்பியர் போதும். இன்வேர்ட்டர் வழியாக 12 வோல்ட் பெட்டரியிலிருந்து எடுத்தால் 60 அம்பியருக்கு மேல். 2,000 வொட் கேத்தல் என்றால் 170 அம்பியரையும் தாண்டும். இதற்குப் பெருவிரல் தடிப்பில் வயர் வேண்டும். ஆனால் நான் காணும் வாகனங்களில் ஸ்பீக்கருக்குப் போடும் வயர் அளவில் மெல்லியதைக்கூடப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு முறை என்னிடம் வந்த வாடகை வேன் ஒன்றில், பெட்டரியிலிருந்து இன்வேர்ட்டருக்குப் போன வயரின் பியூஸ் கழற்றப்பட்டு, அந்த இடத்தில் செப்புக் கம்பி முறுக்கப்பட்டிருந்தது. "பியூஸ் அடிக்கடி போகுது, அதுதான்" என்றார் ட்ரைவர். அந்த வயர் சென்றது குழந்தைகள் படுக்கும் மெத்தைக்கடியில். மேலே கம்பளத்தின் அடியில் அது ஏற்கனவே பழுப்பேறியிருந்தது. பியூஸ் அடிக்கடி போனதற்குக் காரணம், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்ததுதான்.

பெட்டரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். அதற்கப்பால் எங்கே வயர் முட்டினாலும் அந்தப் பியூஸ் காப்பாற்றும். அதற்கு முன்னால் முட்டினால் காப்பாற்ற எதுவும் இல்லை. வயர் இரும்பைத் துளைத்துச் செல்லும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் போட வேண்டும். வீட்டு லைட்டுகளுக்குப் பாவிக்கும் 1/1.13 ஒற்றைக் கம்பி வயர் வாகனத்துக்கு உகந்ததல்ல. ஓயாத குலுக்கலில் ஒற்றைக் கம்பி உள்ளுக்குள் முறியும், முனைகளில் தளரும். நுண்ணிய பல இழைகள் கொண்ட ஃபிளெக்ஸிபிள் வயர் வேண்டும்.

சாதாரண ஈய-அமில பெட்டரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயுவை வெளியிடும். அதைக் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள், படுக்கும் இடத்தில் வைக்கக்கூடாது. லித்தியம் பெட்டரி என்றால் அதற்குரிய கட்டுப்பாட்டுச் சுற்றும் அதற்குரிய சார்ஜரும் இருக்க வேண்டும். பழைய லெப்டொப் செல்களைக் கழற்றி ஒட்டிச் செய்த பெட்டரிகள் மலிவாக விற்கப்படுகின்றன. குடும்பம் உறங்கும் இடத்தில் அவற்றை வைக்காதீர்கள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 12 வோல்ட், 100 அம்பியர்-மணி பெட்டரியில் இருப்பது மொத்தமாக 1.2 யூனிட் மின்சாரம். ஒரு தடவை சோறாக்கினாலே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எனவே லைட், ஃபேன், போன் ஆகியவற்றைப் பெட்டரியில் பாவியுங்கள். சமையலை வேனுக்கு வெளியே கேஸ் அடுப்பில் செய்யுங்கள். பெட்டரியும் பிழைக்கும், வயரும் பிழைக்கும்.

சத்தமில்லாமல் கொல்வது

ஜெனரேட்டரின் மிகப் பெரிய ஆபத்து கரண்டில் இல்லை, புகையில் இருக்கிறது. பாடசாலையில் காபனோரொட்சைட்டு என்று படித்த வாயு அது. நிறமில்லை, மணமில்லை. நமது இரத்தத்தில் ஒட்சிசனை ஏந்திச் செல்லும் ஹீமோகுளோபினோடு, ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு சேர்ந்துகொள்ளும். தலைவலி, தலைச்சுற்று, வாந்தி என்று ஆரம்பிக்கும். பயணக் களைப்பு, மலைப்பாதை வாந்தி என்று நாம் அதைத் தவறாக எண்ணிக்கொள்வோம். உறங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

நுவரெலியா 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர். இரவுக் குளிரில் ஜன்னல்களை இறுக்கி மூடிக்கொண்டு, ஜெனரேட்டரை வேனின் பின்னால் ஒட்டி வைப்பதும், எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டு உறங்குவதும், பார்பிகியூ கரியை மூடிய வேனுக்குள் கொண்டுவந்து குளிர் காய்வதும் ஒரே முடிவுக்குத்தான் இட்டுச் செல்லும். கீழ்நாட்டில் ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டு உறங்குவதும் அவ்வாறே. ஜெனரேட்டரை வாகனத்திலிருந்து குறைந்தது 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். பக்கத்தில் இன்னொரு குடும்பத்தின் வேன் நிற்கிறதா என்றும் பாருங்கள். உறங்கும் முன் நிறுத்திவிடுங்கள். இந்த வாயுவை உணர்ந்து ஒலி எழுப்பும் சிறிய, பெட்டரியில் இயங்கும் அலாரங்கள் இருக்கின்றன. வாகனத்தில் உறங்குபவர்கள் அதை வாங்கி வைப்பது அவசியம்.

வயரிங் பக்கமாக ஜெனரேட்டரைப் பற்றி இரண்டு கேள்விகளை பாஸிடம் கேளுங்கள். முதலாவது: "வெளி வயரும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் இணையாதபடி சேஞ்ச் ஓவர் சுவிச் இருக்கிறதா?" அது இல்லையென்றால், ஜெனரேட்டர் ஓடும்போது வெளியே தொங்கும் ப்ளக்கின் முனைகளில் மின்சாரம் இருக்கும். இரண்டாவது: "ஜெனரேட்டரிலும் இன்வேர்ட்டரிலும் ஓடும்போது ட்ரிப் சுவிச் வேலை செய்யுமா?" பல சிறிய ஜெனரேட்டர்களின் நியூட்ரல் அதன் உடம்போடு இணைக்கப்பட்டிருக்காது. அந்த இணைப்பு இல்லாவிட்டால் ட்ரிப் சுவிச்சுக்கு ஒழுக்கைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் வெளி வயரில் ஓடும்போது அதே இணைப்பு வேனுக்குள் இருக்கவும் கூடாது. இதைச் சரியாக மாற்றிக் கொடுப்பது தொழில் தெரிந்தவரின் வேலை. கேள்வியே விளங்காதவரிடம் வேனைக் கொடுக்காதீர்கள்.

இடியும் மின்கம்பியும்

நாம் நுவரெலியாவுக்குப் போகும் ஏப்ரல் மாதம் இடைப்பருவ இடி மின்னல் காலமும் கூட. ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் அவ்வாறே. மின்னலின்போது இரும்புக் கூடுள்ள வாகனம் நல்ல புகலிடம். காப்பாற்றுவது டயர் என்று பலர் நினைக்கிறார்கள். பல கிலோமீட்டர் காற்றைத் துளைத்து வரும் மின்னலுக்கு டயரின் ரப்பர் ஒரு தடையே இல்லை. நம்மைச் சுற்றியுள்ள இரும்புக் கூடுதான் அதை வெளிப்பக்கமாகவே மண்ணுக்கு அனுப்பிவிடுகிறது. ஜன்னல்களை மூடி, இரும்பைத் தொடாமல் இருங்கள். வானம் இருட்டும்போதே வெளி வயரைக் கழற்றிவிடுங்கள். இடிக்க ஆரம்பித்த பின்னர் அதைத் தொடப் போக வேண்டாம்.

மின்கம்பி அறுந்து வாகனத்தின் மேல் விழுந்தால் உள்ளேயே இருங்கள். யாரையும் கிட்ட வர விடாமல் சத்தமிட்டுத் தடுத்து, மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அறிவியுங்கள். வாகனம் தீப்பற்றினால் மட்டும், வாகனத்தையும் நிலத்தையும் ஒரே நேரத்தில் தொடாதபடி, இரு கால்களையும் சேர்த்து வெளியே குதித்து, கால்களைப் பிரிக்காமல் சிறிது சிறிதாக நகர்ந்து செல்ல வேண்டும்.

அமானிதம்

உறங்கும்போது நெருப்பை எரியவிட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியை நாம் அறிவோம். எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற காரணமும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. கராஜில் மாதக்கணக்கில் நிற்கும் வேன்களில் எலி கடித்த வயர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த எச்சரிக்கைதான் நினைவுக்கு வரும். திரி வயராகிவிட்டது, எலி மாறவில்லை. உறங்கும் முன் இன்வேர்ட்டரையும் தேவையற்ற சொக்கட்டுகளையும் ஓஃப் செய்வது இன்றைய காலத்தில் விளக்கை அணைப்பதற்குச் சமம்.

வாடகைக்கு வாகனம் விடும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறுபவர்கள் உங்களை நம்பித் தம் பிள்ளைகளை அதில் உறங்க வைக்கிறார்கள். டயரையும் பிரேக்கையும் பார்ப்பது போல, ஒவ்வொரு பயணத்துக்கும் முன் வயரையும் ட்ரிப் சுவிச்சையும் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு எர்த்தை அளந்து எழுதி வையுங்கள். மெயின் சுவிச் லைவையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் வகையில் இருக்கட்டும். பவுடர் அல்லது சீ.ஓ.டூ தீயணைப்பான் ஒன்று கதவருகில் இருக்கட்டும். மின்சாரத் தீக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு ஒரு நல்ல ஏ.சி. பூட்டும் செலவை விடக் குறைவு.

வாடகைக்கு எடுப்பவர்களும் வெட்கப்படாமல் கேளுங்கள்: எர்த் எங்கே? ட்ரிப் சுவிச் எங்கே? பெட்டரியின் பியூஸ் எங்கே? ஜெனரேட்டரை எங்கே வைப்பது? இந்த நான்குக்கும் கையைக் காட்டிப் பதில் சொல்ல முடியாதவரின் வாகனத்தில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவருக்குக் கரண்ட் பிடித்துவிட்டால், பாசத்தில் ஓடிப்போய் அவரைப் பிடித்துவிடாதீர்கள். முதலில் வீட்டுப் பக்கத்தில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகை அல்லது பிளாஸ்டிக் கதிரையால், காய்ந்த இடத்தில் நின்று தள்ளிவிடுங்கள். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில், 5 சென்ரிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இதயத்தின் தாளம் பிறகும் குழம்பலாம்.

பயணத்தின் துஆவை ஓதி ஏறும் நமது குடும்பங்கள், அந்த வயரையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறட்டும். வல்ல அல்லாஹ் நமது பயணங்களைப் பாதுகாப்பானதாக ஆக்குவானாக.